இரண்டு வீட்டுப் பதிவில் ஒரு பிள்ளை

கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய அச்சகத்துக்கு நான் பிழை திருத்திக் கொடுத்துவந்தேன். நிரந்தர வேலை அல்ல. பாடசாலை மலரோ, கும்பாபிஷேக மலரோ, யாருடையதாவது நினைவு மலரோ வந்து குவிந்தால் மட்டும் முதலாளி கூப்பிடுவார். மாதத்தில் மூன்று நாள் இருக்கும். சில மாதம் ஒன்றும் இராது. எங்கள் வீட்டில் ரெலிபோன் இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த கொமியூனிகேஷன் கடைக்குத்தான் அச்சகத்தின் அழைப்பு வரும். "நாளைக்கு வரட்டாம்" என்று கடைக்காரர் சொல்லும்போது பின்னேரம் ஆகியிருக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மகளுக்கு இரண்டு வயது நிறைந்து மூன்று மாதம். கணவர் இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். காலை ஆறரைக்குப் போனால் இருட்டியபின்தான் வருவார். தினமும் வேலைக்குப் போகிற தாய் என்றால் பிள்ளை பார்க்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். எப்போதாவது போகிறவளுக்காக எந்த ஆள் காத்திருக்கும்? பிள்ளை பராமரிக்கும் இடமொன்றில் கேட்டேன். தினமும் விடுவதானால் கொண்டுவாருங்கள், நினைத்த நாளில் விட முடியாது என்றார்கள். அச்சகத்துக்கு ஒருமுறை மகளையும் கூட்டிப்போனேன். ஈய எழுத்துத் தட்டு ஒன்றை அவள் கவிழ்த்ததோடு அந்த வழியும் அடைபட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் வழமைபோல "நாளைக்கு வரட்டாம்" என்றார். "பிள்ளையை ஆரிட்ட விட்டிட்டுப் போறது?" என்று நான் அலுத்துக்கொண்டேன். சுவிஸிலிருந்து தன் கணவர் எடுக்கும் அழைப்புக்காக அங்கே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு முகம் தெரியும். அடுத்த ஒழுங்கையில் ஓர் அறையில் தனியாக இருப்பவர்.

"அக்கா, நான் சும்மாதானே இருக்கிறன். என்னட்ட விடுங்கோ."

முப்பது வயது இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாக வந்து, விசாவுக்காகப் பதினொரு மாதமாகக் கொழும்பில் இருந்தார். கைம்மாறாக எதையும் வாங்க மறுத்தார். தூதரகப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தால் போதும் என்றார்.

முதல் நாள், மகளுக்கு எத்தனை மணிக்குப் பால், எத்தனை மணிக்குக் குளிப்பு, எத்தனை மணிக்கு நித்திரை என்று ஒரு முழுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இதை ஆர் வாசிக்கிறது அக்கா, நானோ பிள்ளையோ?"

"ஒரு ஒழுங்குக்குத்தான்..."

"அவ பசிச்சா அழுவா, நித்திரை வந்தா விழுவா. நீங்கள் பஸ்ஸைப் பிடியுங்கோ."

மகள் அவரைச் சித்தி என்றாள். மூன்றாம் தடவைக்குப் பிறகு எனக்குக் கை காட்டவும் மறந்து அவருடைய இடுப்பில் ஏறிக்கொண்டாள்.

கொழும்பில் தமிழர் இருக்கும் வீடென்றால், வசிப்பவர்கள் எல்லோருடைய பெயரையும் பொலிஸில் பதிந்திருக்க வேண்டும். அவருக்கு மாதாமாதம் அதைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. எனக்குச் சிங்களம் எழுத வரும் என்பதால் அந்தப் படிவத்தையும் நானே நிரப்பினேன். அந்தச் சமயத்தில் எங்கள் பகுதியில் ஒரு பகல் சோதனையில், பதிவில் பெயர் இல்லை என்று விருந்தாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். என் மகள் அவருடைய அறையில் இருக்கும் நேரம் சோதனை வந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். அவருடைய பெயருக்குக் கீழே இரண்டாவது வரியில் மகளின் பெயரையும் வயதையும் தெளிவாக எழுதினேன். அதற்குப் பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. பெயர் இல்லாத ஆளைப் பற்றித்தான் எல்லோரும் பயந்தோம். பெயர் இருந்து ஆள் இல்லாமல் போவது என் மூளைக்கு எட்டவில்லை.

ஒரு நாள் விடிய ஐந்து மணிக்கு அவருடைய ஒழுங்கையைப் பொலிஸார் சுற்றிவளைத்தார்கள். வெள்ளிக்கிழமை என்றே பல வருடம் நினைத்திருந்தேன்; என் குறிப்பேட்டைப் பார்த்தால் சனிக்கிழமை. எங்கள் ஒழுங்கைக்கு அவர்கள் வரவில்லை. ஏழு மணிக்கு, அவருக்கு அறையை வாடகைக்குக் கொடுத்த வீட்டுக்காரர் சாரத்துடன் ஓடிவந்தார்.

"பிள்ளை, அந்தப் பெட்டையை ஏத்திக்கொண்டு போட்டாங்கள். பதிவில ரெண்டு பேராம், அறையில ஒராளாம். மற்ற ஆள் எங்கை எண்டு கேட்டுக்கொண்டு நிண்டவங்கள். உம்மட மகளின்ர பேரை ஆர் அதில எழுதினது?"

எழுதினது நான்தான். அடுத்த மாதம் அந்தப் பெண்ணுக்குத் தூதரகத்தில் நேர்முகம். அதற்குப் பொலிஸ் நற்சான்றிதழ் வேண்டும். நிலையத்துப் பெரிய புத்தகத்தில் அவர் பெயர் ஒருமுறை ஏறினால் அது கிடைக்காது. ஒரு வருடத்துக் காத்திருப்பு என் கையெழுத்தால் போய்விடும். நித்திரையில் இருந்த மகளைத் தூக்கி, பிறப்புச் சான்றிதழையும் எங்கள் பதிவின் பிரதியையும் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

அவர் சுவரோரம் ஒரு வாங்கில் இருந்தார். என்னைக் கண்டும் எழும்பவில்லை. மேசையில் இருந்த நடுத்தர வயது அதிகாரி காலையிலிருந்து அவரிடம் "கோ பபா?", பிள்ளை எங்கே, என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். நான் மகளை மேசை விளிம்பில் இருத்தினேன்.

"இதுதான் பபா" என்றேன் சிங்களத்தில்.

அதிகாரி இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஒரு பிள்ளை எப்படி இரண்டு வீட்டில் இருக்கும்?"

"நான் வேலைக்குப் போகும் நாளில் அங்கே இருக்கும்."

"எத்தனை நாள் வேலை?"

"மாதத்தில் மூன்று நாள். சில மாதம் இல்லை."

அதற்குள் மகள் வாங்கில் இருந்தவரைக் கண்டுவிட்டு, "சித்தி, தூக்கு" என்று இரண்டு கையையும் நீட்டினாள். அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது.

"சித்தி? அப்படியென்றால் நீங்கள் சகோதரிகள். அதை ஏன் மறைத்தீர்கள்?"

எங்கள் பிள்ளைகள் தாயைவிட இளைய யாரையும் அப்படித்தான் கூப்பிடும் என்று விளக்கினேன். தன் மகனுக்கும் அயலில் நாலு மாமி இருப்பதாகச் சொல்லி அவர் பேனாவைத் திறந்தார். மகளின் வரியைக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் என் கையெழுத்தை வாங்கினார்.

"பெரிய புத்தகத்தில் எழுதிவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"என்னத்தை எழுத? இரண்டு வயது ஆள் தலைமறைவு என்றா? போங்கள்."

திரும்பும் வழியில் மகள் சித்தியின் தோளில் மறுபடி தூங்கினாள். நான் மன்னிப்புக் கேட்டேன். என் வாசலில் பிள்ளையைத் தந்துவிட்டு, "வாறன் அக்கா" என்று மட்டும் சொல்லிப் போனார்.

எட்டாம் நாள் அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது. வர முடியாது என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். எந்த முகத்தோடு அவரிடம் போய்க் கேட்பது?

மறுநாள் காலை எட்டே காலுக்குக் கதவு தட்டுப்பட்டது. அவர்தான்.

"கடைக்காரர் சொன்னவர். ஏனக்கா வரேலாது எண்டனீங்கள்?"

"உமக்கு இன்னும் கரைச்சல் தரக் கூடாதெண்டு..."

"அங்க இருக்கேக்க விசர் அக்கா, விசர் அக்கா எண்டு உங்களை நூறு தரம் ஏசினனான். அது ஏசினதுதான். ஆனா இந்த எட்டு நாளும் அறையில ஒரு சத்தமும் இல்லை. சுவரைப் பாத்துக்கொண்டு எத்தினை நாளைக்கு இருக்கிறது? நீங்கள் வருவீங்கள் எண்டு கடைக்காரரிட்டச் சொல்லிப்போட்டன். பிள்ளையைத் தாங்கோ."

பிள்ளை ஏற்கெனவே செருப்பைக் கால் மாறிப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஒண்டு மட்டும்" என்றார், அவளைத் தூக்கிக்கொண்டே. "இவவின்ர பேரை இனி ஒரு இடத்திலயும் எழுதாதேங்கோ."

நான் சேலை மாற்றி வருவதற்குள் இருவரும் ஒழுங்கையைத் திரும்பிவிட்டார்கள். மகளின் பிஸ்கட் டப்பா மேசையிலேயே இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, காலி வீதிக்கு வந்து ஒன்பது மணி பஸ்ஸில் ஏறினேன்.