கிணற்றுக் கட்டில் ஒரு பெயர்

மூன்று மாசம் முன்னால் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. குழந்தை போட்டோ இல்லை, கோயில் போட்டோ இல்லை. ஒரு காகிதம். அடியில் ஒரு கையெழுத்து.

தறியை நிறுத்திவிட்டு அப்பா எட்டிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. யாருடையது என்று கேட்டார். செல்வராணியுடையது என்றேன்; இப்போது அக்கா இருக்கிற ஊரில் குடியிருப்பவர். அப்பா செல்போனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒரு கையெழுத்துக்கு இவ்வளவா? சொல்கிறேன்.

அக்கா கட்டிக்கொண்டது முகாம்காரரை. இலங்கை அகதி முகாமில் இருப்பவர்களை எங்கள் பிள்ளையார்பாளையத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மாமா பெயர் தவம். பெயின்டர். இலங்கையில் சண்டை வந்தபோது, ஆறு வயதில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படகேறி வந்தவர். முப்பது வருஷத்துக்கு மேல் இங்கேதான். ஆனாலும் மனசுக்குள் மன்னார் பக்கத்துக் கிராமம் ஒன்று இருந்துகொண்டே இருந்தது. போன வருஷம் கிளம்பிவிட்டார்கள் – மாமா, அக்கா, பத்து வயசுப் பெண்.

ஊருக்குத் திரும்புவது என்றால் என்ன? போய் இறங்கினோம், கதவைத் திறந்தோம்... நான் அப்படித்தான் நினைத்தேன்.

கதவே இல்லை. பத்திரம் படகுப் பயணத்தில் கடலோடு போய்விட்டது. பழைய குடும்பங்கள் கனடா, லண்டன் என்று சிதறிவிட்டன. 'இவர் இன்னார் மகன்' என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. காணி – நிலத்துக்கு அங்கே அதுதான் பெயர் – தன்னுடையது என்று காட்டினால்தான் வீடு கட்ட அரசாங்க உதவி. காட்டாவிட்டால்? யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த கொட்டகையில் எத்தனை நாள்? திரும்பி வரலாம் என்றால் முகாம் அறையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. அக்காவோ அங்கே விசாவில் இருக்கிற வெளிநாட்டுக்காரி.

பழக்கம் வேறு விடவில்லை. முகாமில் வெளியூர் போக அதிகாரியிடம் கேட்க வேண்டும். இலங்கைக்குப் போன புதிதில் மாமா, வவுனியாவுக்கு ஒரு நாள் போய்வர அனுமதி வேண்டும் என்று எழுதி எடுத்துக்கொண்டு கிராம அதிகாரி முன்னால் போய் நின்றிருக்கிறார். உங்கள் நாடுதானே, எங்கே வேண்டுமானாலும் போங்கள் என்றாராம் அவர். அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காணிக்கு இருந்த ஒரே அடையாளம், செத்துப்போன அம்மா சொன்னது. கோயிலைத் தாண்டிப் பெரிய புளியமரம், அதன் பக்கத்தில். மரம் இருந்தது. பக்கத்தில் புதர்க்காடு. ஒரு மாசம் இரண்டு பேரும் வெட்டினார்கள். அக்கா வீடியோ காலில் கையைக் காட்டினாள். இருபது வருஷம் பட்டு நூலைத் தவிர வேறெதுவும் பிடிக்காத கை... உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

எதிரே ஒரு சின்ன வீட்டில்தான் செல்வராணி அக்கா. கணவர் இல்லை, ஒரு மகன். அவரும் அந்த ஊர் இல்லை. கடைசிச் சண்டையில் முல்லைத்தீவுப் பக்கம் எல்லாவற்றையும் இழந்து, காலியாகக் கிடந்த இடத்தில் வந்து குடியேறியவர். தினமும் இவர்கள் புதர் வெட்டுவதைப் பார்த்தவர், ஒரு மத்தியானம் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு மாமாவின் அப்பா பெயரைக் கேட்டிருக்கிறார். சின்னத்தம்பி என்றார் மாமா.

அவர் காலி டம்ளர்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் தானே வந்து கூட்டிக்கொண்டு போய், தன் வீட்டுக் கிணற்றைக் காட்டினார். அதன் கட்டுச் சுவரில் இருந்த பாசியைத் தேய்த்து எடுத்திருந்தார். சிமென்ட் ஈரத்தில் யாரோ எப்போதோ விரலால் எழுதிய பெயர் – சின்னத்தம்பி.

"தம்பி, நீங்கள் வெட்டுறது வேற ஆக்களின்ர காணி. உங்கட காணி நான் இருக்கிறதுதான். இங்கயும் ஒரு புளி நிண்டதாம், செல்லடியில போயிட்டுது." செல்லடி என்றால் குண்டுவீச்சு.

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்? இத்தனை வருஷம் குடியிருந்தவருக்குத்தான் உரிமை என்று பலர் அவரிடம் சொல்லியும் இருந்தார்கள். அந்த ஒரு நாள் இடைவெளியில் என்னென்ன நினைத்திருப்பார்?

அதோடு விட்டாரா? கிராம அதிகாரி சாட்சி கேட்டபோது தானே போய் நின்றார். தெரிந்துதான் கையெழுத்துப் போடுகிறீர்களா என்று அதிகாரியே கேட்டாராம்.

"பதினைஞ்சு வருசமா அவையின்ர கிணத்துத் தண்ணியைக் குடிச்சுப்போட்டு, அவையைத் தெரியாதெண்டு சொல்லேலுமோ?"

இதை எழுத வெட்கமாக இருக்கிறது... எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான். தெருவில் யாருக்கு ஃபார்ம் நிரப்ப வேண்டும் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாமா இங்கே பெயின்ட் சாமான் வைக்க ஒரு ரூம் வாடகைக்கு எடுத்தபோது சாட்சிக் கையெழுத்துக் கேட்டார். முகாம்காரராயிற்றே, நாளைக்கு போலீஸ் வந்து கேட்டால்... ஆபீசில் வேலை இருக்கிறது என்று நழுவினேன். அவர் மறுபடி கேட்கவே இல்லை.

கையெழுத்துப் போட்டால் எனக்குப் போவது ஒன்றுமில்லை. செல்வராணி அக்காவுக்குப் போவது வீடு. போட்டது அவர்.

மாமாவும் மனுஷன். அளக்க வந்தவரிடம், அந்த வீடும் தென்னைகளும் இருக்கிற பாதி செல்வராணி அக்காவுக்கே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கிணறு நடுவில், பொது. இந்தப் பாதியில் அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. அப்பா அந்த அம்மாவுக்கு ஒரு பட்டுச்சேலை நெய்து அனுப்பலாமா என்று கேட்டார். அவர் எங்கே கட்டிக்கொண்டு போவார், தினம் கட்டுகிற மாதிரி மெல்லிசு வாயில் சேலை இரண்டு அனுப்பு என்றாள் அக்கா. அனுப்பிவிட்டோம்.

நேற்று அக்கா போன் செய்தாள். சேலை பிடித்ததாம் என்று உருகப்போகிறாள் என்று பார்த்தால்...

"அந்தம்மாவோட முடியலடா. காலைல தண்ணி இறைக்கப் போனா முன்னாடியே வந்து நின்னுக்கினு, கயித்த அப்படிப் புடிக்காத, வாளிய இப்படி உடாதன்னு ஒரே பாட்டு. இன்னிக்கு நானும் நல்லாக் கேட்டுட்டேன்."

என்னவாம் என்றார் அப்பா. பக்கத்து வீட்டோடு சண்டையாம் என்றேன்.

"அப்ப சரிபா. குடி ஏறிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.