பர்மாவிலிருந்து வந்த தண்ணீர்க் குப்பி

பட்டாளத்துக்காரர்கள் போர்முனையிலிருந்து கொண்டுவந்த பொருள்களைத் தேடிச் சேர்க்கிற பைத்தியம் தொண்ணூறுகளில் என்னைப் பிடித்திருந்தது. கோவையில் லேத் பட்டறை வேலை. ஞாயிறானால் ஏதாவது ஓர் ஊருக்கு பஸ். கிடைத்ததைவிடக் கை நழுவியதுதான் அதிகம். இரும்புத் தொப்பியில் மாட்டுக்குத் தவிடு அளந்தவர்களை எல்லாம் பார்த்துவிட்டேன். ஆனால் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அங்கே ஒரு பெரியவர், பர்மா சண்டைக்குப் போய் வந்தவர், ஒரு ஜப்பான் சிப்பாயின் அலுமினியத் தண்ணீர்க் குப்பியை வைத்திருந்தார். நாக்கு வறண்டு கிடந்தபோது, செத்துக் கிடந்தவன் இடுப்பிலிருந்து எடுத்துக் குடித்தாராம். பச்சைப் பெயிண்டின்மேல் வெள்ளையில் மூன்று எழுத்து. அவன் பெயராகத்தான் இருக்கும். என்னவென்று படித்துச் சொன்னால் குப்பியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

எங்கள் பட்டறைக்குப் பக்கத்து மில்லில் மிஷின் பூட்ட ஒரு ஜப்பான்காரர் வந்திருந்தார். அவரிடம் காட்ட அன்றே அந்த எழுத்துகளைத் தாளில் வரைந்திருக்கலாம். பெரியவர் பென்சிலைக்கூட நீட்டினார். கோணல்மாணலாக வரைவானேன், கேமராவோடு வருகிறேன் என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுக்க வருவதாக ஒரு கார்டும் போட்டேன். அந்தக் கார்டுதான் கெடுத்தது.

இரவல் கேமராவோடு போய் இறங்கினால், பெரியவரின் மருமகள் குப்பியைத் தட்டில் வைத்து எடுத்து வந்தார். புது வெள்ளிச் சொம்பு மாதிரி மின்னியது. பெயிண்ட் இல்லை. எழுத்தும் இல்லை.

"போட்டோ புடிக்க வாரீங்கன்னு எழுதியிருந்தீங்களேங்க. அழுக்கா இருந்தா நல்லாருக்காதுன்னு செங்கப்பொடி போட்டு ரெண்டு நாளாத் தேச்சனுங்க," என்றார். விரல்கள் சிவந்திருந்தன.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதை வாசலில் விட்டெறிந்திருப்பேன். வாயில் வந்ததோ, "ரொம்ப நல்லாருக்குங்க." எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. அதையே இரண்டு போட்டோவும் எடுத்தேன்.

மருமகள் காப்பி போட உள்ளே போனதும், ஓர் எழுத்தாவது ஞாபகம் இருக்கிறதா என்று பெரியவர் கேட்டார். கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரு கோடுகூட வரவில்லை. அவரும் வாசல் மண்ணில் விரலால் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வந்தது.

"அமாவாசைக்கு எங்கப்பனுக்குப் படைக்கிறப்ப அவனுக்கும் ஒரு எலை போடோணும்னு இருந்தனுங்க," என்றார். "பேரு தெரியாம எப்படிங்க கூப்புடறது?"

காப்பியோடு மருமகள் வரும் சத்தம் கேட்டது. மண்ணில் போட்டதைக் காலால் அழித்துவிட்டு, "நல்லா பளபளன்னு ஆக்கிப்போட்டே, அம்மணி," என்றார்.