பெரியம்மாவின் பித்தளைப் போணி

என் வீட்டு வாசலில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கும் பித்தளைப் போணி என்னுடையதல்ல. அதன் விளிம்பில் பெரியப்பாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். போன தை மாதம் பெரியம்மாவின் வீட்டிலிருந்து, அத்தனை சொந்தக்காரர்களும் பார்த்திருக்க, நான் தூக்கி வந்தது. இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டாகிவிட்டது. நான் கொடுக்கவில்லை. அருப்புக்கோட்டையில் இயற்பியல் நடத்தும் ஒரு டீச்சர் ஒரு பாத்திரத்துக்காக இப்படி மல்லுக்கு நிற்கலாமா என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது எம்.ரெட்டியபட்டிப் பக்கம் பெரியப்பா, சித்தப்பா குடும்பங்களோடு கூட்டுக்குடும்பமாக இருந்தோம். அப்பா இறந்து இரண்டு வருடம். அவர் பங்குக் கரிசல் நிலத்தைப் பிரித்துக் கொடுங்கள் என்று அம்மா கேட்ட மறுவாரம் பெரியம்மாவின் தோடு காணாமல் போனது. எங்கள் ஊரில் களவு போனால் ஐயனார் கோயில் முன்னால் முட்டை போட்டுப் பார்ப்பார்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் போணித் தண்ணீரில் தன் கையால் ஒரு முட்டையை விட வேண்டும். களவாண்ட கை விட்டது மிதக்கும். வீட்டுக் கோழிகள் எல்லாம் பெரியம்மாவுடையவை என்பதால் முட்டைகளையும் அவரே கூடையில் எடுத்துவந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். பெரியம்மா விட்ட முட்டை நேராக அடியைத் தொட்டது. சின்னம்மாவுடையதும் அப்படியே. அம்மா விட்டது மேலே வந்து நின்றது. நின்றதோடு போகவில்லை, ஆடியது. காற்றில்லை, போணியை யாரும் தொடவுமில்லை. “சாமி ஆட்டுறாக” என்றார் பூசாரி. அம்மா அழவில்லை. தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று மதியமே பஸ் ஏறிப் பந்தல்குடியில் மாமா வீட்டுக்கு வந்துவிட்டோம். கரிசலைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. களவாணி மகள் என்ற பெயர் மட்டும் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

ஒரு பொருள், தான் ஒதுக்கித் தள்ளும் தண்ணீரைவிடக் கனமாக இருந்தால் மூழ்கும், லேசாக இருந்தால் மிதக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த இதைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் அந்த முட்டையோடு பொருத்திப் பார்த்தேன். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. நாளாக ஆக உள்ளே இருக்கும் ஈரம் அவற்றின் வழியே ஆவியாகிப் போகும், அந்த இடத்தில் காற்று வந்து உட்காரும். ஓட்டின் அளவு மாறாது, எடை மட்டும் குறையும். அடைக்கோழியின் சூட்டில் இருந்தால் இன்னும் வேகமாகக் குறையும். மிதந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது, ஆடியதற்குக் கிடைக்கவில்லை. அதைச் சொன்னவர் வீரசோழனிலிருந்து வாக்கப்பட்டு எங்கள் தெருவுக்கு வந்த ஒரு அக்கா. பொரிக்க இரண்டு நாள் இருக்கும்போது அடைமுட்டைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். “ஆடுனா உள்ள குஞ்சு உசுரோட இருக்குன்னு அர்த்தம். ஆடாதது கூமுட்டை” என்றார். கோழி வளர்க்கிற யாருக்கும் தெரிந்ததுதானாம். அப்படியானால் அன்று கோயில் முன் நின்ற கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். பெரிய வீட்டம்மா கொடுத்த முட்டை என்றதும் எல்லாருக்கும் மறந்துவிட்டது. ஊரிலேயே அதிகம் கோழி வளர்த்த பெரியம்மாவுக்கு மட்டும் மறந்திருக்காது. ஐயனாரை நான் அன்றே மன்னித்துவிட்டேன்.

போன தையில் பெரியம்மாவின் பேத்திக்குக் காதுகுத்து. கொல்லையில் பிரியாணிக்கு முட்டைகள் அட்டை அட்டையாக இருந்தன. மூலையில் ஓர் அடைக்கோழி, நாளை மறுநாள் பொரித்துவிடும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பந்தலில் அதே போணி தண்ணீரோடு இருந்தது. அதை எடுத்துப்போய், நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவின் காலடியில் வைத்தேன். சமையல்காரரிடம் வாங்கிய முட்டையை விட்டேன், மூழ்கியது. கோழி கொத்தக் கொத்த அதன் அடியிலிருந்து எடுத்ததை விட்டேன். மிதந்தது, கொஞ்ச நேரத்தில் ஆடவும் செய்தது. “இதுல யாரு களவாணி பெரியம்மா?” என்று கேட்டேன். பெரியம்மா முட்டையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. “பழசையெல்லாம் இப்ப எதுக்குடி கிண்டுற” என்றார். எனக்குத் தெரியாது என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அது இனித்தது, மறைப்பானேன். முட்டையைக் கோழியிடமே திருப்பி வைத்தேன், தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போணியோடு கிளம்பிவிட்டேன்.

வீட்டில் அம்மாவை உட்காரவைத்து, துளை, ஈரம், காற்று, எடை என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அம்மா போணியின் விளிம்பைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்த்தா. அக்கா கையில குடுக்கயிலயே முட்டை சூடா இருந்துச்சு.”

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

“சாமி முன்னால வாயத் தொறந்திருந்தா, ஒன்னையப் புடிச்சு வச்சுக்கிட்டு என்னைய மட்டும் வெரட்டியிருப்பாக. எனக்கு ஒன்னையத் தூக்கிக்கிட்டு வரணும்ல.”

அதுவரை போணியை நாலு நாளில் கொடுத்தனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று பெரியம்மாவின் மகன் போன் செய்தான். பெரியம்மா முடியாமல் படுத்திருக்கிறாராம், போணி எங்கே என்றே கேட்டுக்கொண்டிருக்கிறாராம். “ஆட்டோ வச்சுக் கூட்டிட்டு வாண்ணே. அந்த முட்டை சூடாத்தான் இருந்துச்சுன்னு எங்கம்மாகிட்ட அவுக வாயால சொல்லிட்டு எடுத்துட்டுப் போகட்டும்” என்றேன். போனை வைத்துவிட்டான்.

தினமும் காலையில் போணியைப் புளி போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்றி வாசலில் வைக்கிறேன். பெரியம்மா வருகிற அன்று பளபளவென்று இருக்கட்டும்.