லிந்துலையில் மூச்சு அளந்தோம்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஆராய்ச்சி மையத்துக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தார்கள். இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கைவிட்ட பழைய தேயிலை ஃபெக்டரி. புது ஃபெக்டரி எழும்பிய பிறகு தோட்டத்துக்காரர்கள் பழையதைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தார்கள். ஈரச் சிமெந்தின் மேல் பலகை போட்டிருந்தது. அதில் தட்டுத்தடுமாறி நடந்து உள்ளே போனேன். கூரை ஒழுகிய ஒரு மூலையில், ஒரு கையில் குடையைப் பிடித்தபடி மறுகையால் எழுதிக்கொண்டிருந்தார் ஒருவர். அவர்தான் எங்கள் தலைவர் டாக்டர் நவரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஹட்டனிலை இருந்து வந்த பிள்ளை நீர்தானோ? லயத்துச் சனத்தோடை, தோட்டத்துத் தொழிலாளரோடை கதைக்கத் தெரியுமோ?"

"நான் லயத்துலதாங்க பொறந்தேன். அப்பா தையக்கடை வச்ச பெறகுதான் டவுனுக்கு வந்தோம்."

"அப்ப நீர்தான் எனக்கு வேணும். நான் கதைக்கிறது அவைக்கு விளங்குதில்லை. அவை கதைக்கிறது எனக்கு விளங்குதில்லை. ரெண்டும் தமிழ்தான்."

இப்படித்தான் அறுபதுகளின் தொடக்கத்தில், எஸ்.எஸ்.சி. சித்தியடைந்த கையோடு, நான் லேப் அசிஸ்டன்ட் ஆனேன்.

மூன்று அறை

உடல் பருமனையும், சாப்பாட்டை உடம்பு எப்படி எரித்துச் சக்தியாக்குகிறது என்பதையும் ஆராய வந்த மையம் அது. கொழும்பில் உட்கார்ந்து வேலை செய்பவர்களிடையே பருமனும் சீனி வியாதியும் கூடிவருவதை டாக்டர் பார்த்திருந்தார். மலையில் ஏறி இறங்கி உழைக்கிறவர்களின் உடம்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும் என்பது அவர் எண்ணம். ஒரே ஒரு பாடம் படித்தவர்களால் இது ஆகாது, வைத்தியமும் இரசாயனமும் உணவும் சேரவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே அனுமதி வாங்கியிருந்தார்.

வைத்தியப் பகுதிக்கு அவர். இரசாயனப் பகுதிக்குத் தென்கரைக் காலி நகரிலிருந்து வந்த சிங்களவர் மிஸ்டர் விஜேரத்ன. மெலிந்த, சாந்தமான மனிதர். தமிழைத் திக்கித் திக்கிப் பேசுவார். உணவுப் பகுதி என்று மூன்றாவது அறையில் போர்டு தொங்கியது. அந்தப் பகுதி முழுவதும் நான் ஒருத்திதான்.

விஜேரத்னவுக்கு முதல் எதிரி தேயிலைத் தூள். எத்தனை தரம் கழுவினாலும் பழைய மரச்சட்டங்களிலிருந்து அது உதிர்ந்துகொண்டே இருந்தது. "மிஸ், இன்னிக்கும் என்ட பீக்கர்ல டீ இருக்கு" என்று காலையில் வந்து முறையிடுவார். கடைசியில் என் அப்பாவிடம் சொல்லி, கூரைக்குக் கீழே கட்ட ஒரு பெரிய துணி தைத்து வாங்கினோம்.

ஆனால் ஆள்தான் வரவில்லை. அந்த வருடங்களில் யார் வந்து பேரைக் கேட்டாலும், இந்தியாவுக்கு அனுப்பத்தான் கேட்கிறார்கள் என்று குடியுரிமை இல்லாத தோட்டத்துச் சனங்கள் பயந்தார்கள். நாங்களோ பேரைக் கேட்டோம், எடை பார்த்தோம், இரத்தம் வேறு கேட்டோம். மூக்கை அடைத்து வாயில் குழாயை வைத்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சு மலை முழுக்கப் பரவியிருந்தது. பாதி உண்மைதான். வெளியே விடும் மூச்சை ஒரு பெரிய கான்வாஸ் பையில் பிடித்து, அதில் எவ்வளவு ஒக்சிசன் செலவாகியிருக்கிறது என்று பார்ப்போம். சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்பது அதில் தெரியும். பி.எம்.ஆர். என்று சொல்லுவோம்.

மூச்சு அளக்கும் கட்டில் காலியாகவே கிடந்தது. இப்படியே போனால் மையத்தை மூடிவிடச் சொல்வார்கள் என்று டாக்டருக்குக் கவலை.

பெரிய கிளாக்கர் சொன்ன ஆள்

ஒருநாள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வந்தார். தோட்ட மனேஜரான துரைக்கு அடுத்தபடி அவர் சொல்தான் அங்கே சட்டம்.

"டாக்டர், ஒங்களுக்குக் குண்டு ஆளுதானே வேணும்? எங்க புள்ளக்காம்பராவுல அஞ்சலைன்னு ஒருத்தி இருக்கா. புள்ளைகளுக்கு வர்ற பால்மாவத் தின்னே அப்படி ஊதிட்டா. டின்னு பத்தாம போகுது. மாசக் கடைசியில அவள வேலையவிட்டு நிறுத்தப் போறோம். அதுக்குள்ள வேணும்னா அளந்துக்குங்க."

டாக்டர் முகம் மலர்ந்தது. அவருக்கு ஓர் ஆள் கிடைத்த மகிழ்ச்சி. என்னை அனுப்பினார்.

புள்ளக்காம்பரா என்பது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம். நான் போனபோது வரிசையாகத் தொட்டில்கள் கட்டியிருந்தன. அடுப்புக்குப் பக்கத்தில், நண்பகல் வெயிலிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். முகம் வீங்கினாற்போல் இருந்தது. ஒரு குழந்தை சிணுங்கியதும் எழுந்தாள். எழும்பவே அவளுக்கு நேரம் எடுத்தது. ஆனால் தொட்டிலைத் தொட்ட கை அத்தனை மெதுவாகத் தொட்டது.

நான் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தொட்டிலை இரண்டு தரம் ஆட்டினாள். பிறகு ஆண்குரல்போல் கரகரத்த குரலில் மெல்லக் கேட்டாள்.

"ஏம்மா, எல்லாத்தையும் அளந்து பாத்துட்டு, நான் திருடலன்னு ஒரு வார்த்த தொரைகிட்ட சொல்லுவாரா ஒங்க டாக்டரு?"

"சொல்லுவாருங்க அக்கா" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"அப்ப வாறேன். புள்ளைக பாலப் போயி நான் குடிப்பேனாம்மா? இந்த லயத்துல இருக்கிற பொடியன் பொட்டச்சி பாதிப்பேரு நான் தூக்கி வளத்தது."

ரொட்டியும் தராசும்

என் வேலை அவள் சாப்பிடுவதை நிறுப்பது. ஒரு வாரம் அவள் இருந்த தங்கை வீட்டு லயக்காம்பராவில், ஒற்றை அறை வரிசை வீட்டில், அவளோடு தங்கினேன். முதல் நாள் அவளால் சாப்பிடவே முடியவில்லை. யாராவது பார்க்கும்போது சாப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டதாம். பார்த்தால் சிரிப்பார்களாம். அதனால் நானும் என் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டோம். மறுநாள் ஒருவரையொருவர் பார்த்துச் சாப்பிட்டோம். மூன்றாம் நாள் அவள் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள்.

"அக்கா, நான் அதையும் நிறுக்கணுமே!"

"நிறுத்துட்டுத் தின்னு தங்கச்சி. ஒடம்புல ஒண்ணுமே இல்ல ஒனக்கு."

அந்த வாரம் முழுவதும் அவள் சாப்பிட்டது ரொட்டி, தேங்காய்ச் சம்பல், கொஞ்சம் சோறு, பாலில்லாத சாயத் தண்ணி. கொழுந்து பறிக்கும் அவள் தங்கை இதைவிட அதிகம் சாப்பிட்டாள்.

பிறகு மூச்சு. வெறும் வயிற்றில் வந்து கட்டிலில் படுத்தாள். மூக்குக்குக் கிளிப் போட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்த கை. தோல் சொரசொரத்திருந்தது. பை நிரம்பும்வரை அந்தக் கையை விடவில்லை.

ஒரு மேசை

என் கணக்கைப் பார்த்த டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"இந்தச் சாப்பாட்டிலை இந்த உடம்பு வராது பிள்ளை. நீர் நித்திரை கொள்ளேக்கை அவ சாப்பிட்டிருப்பா."

"இல்லைங்க டாக்டர். அந்த வீட்டுல ஒளிச்சு வைக்க எடமும் இல்ல, பொருளும் இல்ல."

அவர் நம்பவில்லை. நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் வேலையை நம்பவில்லை என்பதற்காக இல்லை. மாசக் கடைசி நெருங்கிவிட்டது.

அடுத்த அறையில் விஜேரத்னவுக்கு வேறு தொல்லை. அஞ்சலையின் மூச்சில் ஒக்சிசன் செலவு மிகக் குறைவாக வந்தது. பையில் ஓட்டை என்று நினைத்து அவரே கட்டிலில் படுத்துத் தன் மூச்சைப் பிடித்துப் பார்த்தார். சரியாக வந்தது. என்னையும் படுக்கவைத்துப் பார்த்தார். சரியாகவே வந்தது. அஞ்சலையை மறுபடி அழைத்துப் பார்த்தால் மறுபடியும் குறைவு. டாக்டரிடம் சொன்னபோது, "உம்மடை மெசினைத் திருத்தும்" என்று பதில் வந்தது.

விஜேரத்ன தேநீர்க் கோப்பையோடு என் அறைக்கு வந்தார். என் கண் சிவந்திருந்ததைப் பார்த்தார். மேசையில் கிடந்த என் கணக்கை வாசித்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"மிஸ், நீங்க சொல்றது அவங்க கொஞ்சம்தான் சாப்பிடறது. நான் சொல்றது அவங்க கொஞ்சம்தான் எரிக்கிறது. ரெண்டு பேரும் ஒரே கதைதானே சொல்றது?"

இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு டாக்டரின் மேசைக்குப் போனோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவர் இரண்டையும் மாறி மாறி வாசித்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அவவின்ரை குரல் எப்பிடி?"

"கரகரன்னு இருக்குங்க. மெதுவாப் பேசுவாங்க."

"குளிர் தாங்குறாவோ?"

"வெயில்லயும் கம்பளி போத்திக்கிட்டு அடுப்புகிட்டதான் இருப்பாங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "நான் அவவின்ரை உயரம் பாத்தனான், எடை பாத்தனான், பிரஷர் பாத்தனான். எல்லாம் உம்மைக்கொண்டு கேட்டனான். நான் அவவோடை ஒரு வசனம் கதைக்கேல்லை பிள்ளை."

அப்போதே எழுந்து புள்ளக்காம்பராவுக்கு நடந்தார். நாங்களும் பின்னால் ஓடினோம். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மண்தரையில் முழங்காலிட்டு அஞ்சலையின் குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் அசைந்தது. ஆனால் திரும்பி வர அதற்கு மனமே இல்லாததுபோல் மெல்ல வந்தது. அவர் தேடி வந்த அடையாளம் அதுதான். பிறகு அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அம்மா, நீங்கள் கூடச் சாப்பிடேல்லை. கழுத்திலை ஒரு சுரப்பி இருக்கு. தைரொய்ட் எண்டு சொல்லுறது. அது வேலை செய்யேல்லை. அதாலை உடம்பு எரிக்கவேண்டியதை எரிக்குதில்லை. இது ஒரு வருத்தம், ஒரு நோய்தான். மருந்து இருக்கு."

அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் எங்கள் பேச்சில் சொன்னேன். கேட்டு முடித்ததும் நோயைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப நான் திருடலன்னு தெரிஞ்சிருச்சா?"

"தெரிஞ்சிருச்சுங்க அக்கா."

கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டாக்டர் மண்ணில் முழங்காலிட்டபடியே இருந்தார்.

அதற்குப் பிறகு

இரத்தச் சாம்பிளைக் கொழும்புக்கு அனுப்பி உறுதி செய்துகொண்டோம். முடிவு வந்த அன்றே டாக்டர் துரையின் பங்களாவுக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். துரை கேட்டுக்கொண்டார். அவளை நிறுத்தவேண்டாம் என்றார். வாசலில் நின்ற பெரிய கிளாக்கர் விடவில்லை.

"அப்ப பால்மாவு பத்தாம போனது எப்படி?"

"இந்த வருசம் புள்ளைக கூடியிருக்காங்கய்யா. டின்னு கூடல" என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை. அடுத்த மாதம் டின் கூடுதலாக வந்தது.

மருந்துக் குளிசை கொழும்பிலிருந்து வந்தது. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தார். முதலில் முகத்து வீக்கம் வடிந்தது. பிறகு குரல் தெளிந்தது. தங்கையின் பிள்ளைகள், "பெரியம்மா கொரலு மாறிப்போச்சு" என்று ஊரெல்லாம் சொன்னார்கள். எடையும் குறைந்தது. ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. கடைசிவரை அவள் பருத்த உடம்புக்காரிதான். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. மருந்து கொடுத்தோம், கொடி போலானாள் என்று கதை முடிவதில்லை.

சனங்கள் வர ஆரம்பித்தது அவளால்தான். ஓய்வுநாளில் நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு ஏறி வருவாள். "மூச்ச அவங்க எடுத்துக்கிறதில்லடி, பாத்துட்டு விட்டுருவாங்க" என்று படியிலேயே சொல்லிக்கொண்டு வருவாள். டாக்டரும் மாறினார். ஒவ்வொருவரிடமும் தானே பேசினார். "சாப்புட்டீங்களா, நல்லாருக்கீங்களா" என்று எங்கள் பேச்சைப் பழகிக்கொண்டு அவர் கேட்கும்போது பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்த பிறகு பயமில்லாமல் பேசுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் மூன்று பகுதியும் ஒரே மேசையில் உட்காரவேண்டும் என்று விதி வைத்தார். முடிவு எழுதுவதற்கு முன் மற்ற இருவரும் என்ன கண்டார்கள் என்று கேட்கவேண்டும். பின்னால் பகுதிகள் கூடின, ஆட்கள் கூடினார்கள், மேசையும் பெரிதானது. விதி அப்படியே இருந்தது.

கூரை மாற்றி, சுவர் பூசி, மையத்தை முறைப்படி திறந்த நாளில் பல்கலைக்கழகத்திலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் அஞ்சலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். அவளை அழைத்து, எத்தனை இறாத்தல் எடை குறைந்தாய் என்று கேட்டார். நான் அதை அவளிடம் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியலைங்க சாமி. முந்தி ஒரு புள்ள அழுதா, நான் எந்திரிச்சுப் போறதுக்குள்ள அது அழுது களைச்சுப்போயி தானாத் தூங்கிரும். இப்ப அழ ஆரம்பிக்கும்போதே போயிர்றேன்."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். எங்கள் டாக்டர் போகவில்லை. அவள் சொன்னதைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்லி, நின்றபடியே எழுதிக்கொண்டார். முப்பது வருடம் இந்த வேலையில் இருந்தேன். எங்களிடம் வந்த ஒருவர் சுகமாகிவிட்டாரா என்பதை அந்த ஆள் வாயால் கேட்டுத்தான் எழுதவேண்டும் என்பதை அன்று, அந்தப் புதுச் சுண்ணாம்பு வாசனைக்குள் நின்று கற்றுக்கொண்டேன்.