பன்னிரண்டு கையெழுத்துகள்

தேவப்பிரியம் ஒன்பதாம் வகுப்பு முடித்தது 1969ஆம் வருடம். ராயபுரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளி. பத்தாம் வகுப்பில் இரண்டு வகைக் கணக்கில் எதை எடுக்கிறோமோ அதையே பதினோராம் வகுப்பு அரசுத் தேர்விலும் எழுத வேண்டும். ஜெனரல் மேத்ஸ் சுலபம். காம்போசிட் மேத்ஸ் கடினம். ஆனால் அதைப் படித்தால்தான் அடுத்த வருடம் கல்லூரியில் படிக்கும் பி.யூ.சி.யில் கணக்குப் பிரிவு கிடைக்கும், அதற்கப்புறம் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரிக்கு மனுப் போடலாம். அவளுக்குக் கிண்டிக்குப் போக வேண்டும். பள்ளியிலோ ஜெனரல் மேத்ஸ் மட்டுந்தான் இருந்தது.

அப்பா இன்னாசி துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஆயுதபூஜை அன்று தொழிலாளர் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். அப்படிப் போன ஒரு வருடம், இவ்வளவு நீளக் கையில் இவ்வளவு பாரத்தைத் தூக்கியும் கிரேன் ஏன் கவிழவில்லை என்று அவரிடம் கேட்டாள்.

"கவுறாம ஓட்ட எனக்குத் தெரியும். ஏன் கவுறலன்னு இன்ஜினியருக்குத்தான் தெரியும்" என்றார் அவர். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை.

தலைமையாசிரியை சிஸ்டரிடம் போய்க் கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை. வேலை நிறைய இருந்த மனுஷி.

"ஒருத்திக்காக ஒரு வகுப்பு திறக்க முடியுமா? உன்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வா, பெத்தவங்க கையெழுத்தோட. பார்க்கலாம்."

கிடைக்காது என்று நினைத்துத்தான் சொன்னார். தேவப்பிரியம் அதை வாக்காக எடுத்துக்கொண்டாள்.

மே மாத வெயிலில் தெருத்தெருவாக அலைந்தாள். காசிமேடு, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை. முதலில் கையெழுத்துப் போட்டவர் கூடப் படித்த ஜீனத்தின் அம்மா ஷரீஃபுன்னிசா. மற்றவர்கள் அவ்வளவு சுலபமாக மசியவில்லை. மலர்க்கொடியின் அம்மா கெங்கம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"கஷ்டமான கணக்குன்ற. எம்பொண்ணு பெயிலாயிட்டா நீயா வந்து பதில் சொல்லுவ?"

"பெயிலாவ மாட்டாக்கா. ஒண்ணா ஒக்காந்து படிப்போம்."

"இன்னாத்துக்கும்மா இந்தப் பேஜாரு?"

நான்கு முறை போனபின் கெங்கம்மா கையெழுத்துப் போட்டாள். பள்ளி திறக்கும் நாளில் பன்னிரண்டு கையெழுத்தும் சிஸ்டரின் மேஜையில் இருந்தன. சிஸ்டர் அவற்றை இரண்டு தடவை எண்ணினார். சொன்ன சொல்லை மீறவும் இல்லை; ஆள் தேடினார். காம்போசிட் மேத்ஸ் நடத்தக்கூடிய ஆசிரியை ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. ஜூலையில் லியோனார்ட் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் வந்தார். அறுபது வயதுக்காரர், மிக நன்றாக நடத்தினார். மூன்று வாரம் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

நான்காவது வாரம் ஜீனத் ஜெனரல் மேத்ஸ் வகுப்பில் போய் உட்கார்ந்திருந்தாள். தேவப்பிரியம் அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்கு ஓடினாள்.

"டீச்சரம்மா சொல்லித் தருவாங்கன்னு நீதானேம்மா சொன்னே?" என்றார் ஷரீஃபுன்னிசா. "இப்ப ஆம்பள வாத்தியார்னு தெரிஞ்சு இவ அப்பா சத்தம் போடுறாரு. நான் என்ன செய்ய?"

அப்படிச் சொன்னது உண்மைதான். பெண்கள் பள்ளியில் ஆசிரியைதான் வருவார் என்று அவளாகவே நினைத்துச் சொல்லியிருந்தாள். அந்த வாரத்துக்குள் இன்னும் இரண்டு பேர் விலகினார்கள். மீதி ஒன்பது. ஆகஸ்ட் முதல் தேதி சிஸ்டர் வகுப்பை மூடினார்.

இன்னாசி லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார்.

"இன்னா சிஸ்டர் இது? பன்னெண்டுன்னு நீங்கதான சொன்னீங்கோ? மே மாசம் பூரா அலைஞ்சி பன்னெண்டு பேர இட்டாந்துச்சி. வாத்தியாரு ஆம்பளயா வந்தது எம்பொண்ணு தப்பா?"

"உங்க பொண்ணு மேல தப்பே இல்லைங்க. ஒன்பது பேருக்கு ஒரு வகுப்புன்னா மேலே இருக்கிறவங்க கேட்பாங்க."

"கேட்டா பதில் சொல்லுங்க சிஸ்டர்! அதுக்குத்தான நீங்க கீறீங்க?"

அப்பாவின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. வெளியே நின்ற தேவப்பிரியத்துக்கு அவமானமாகவும் இருந்தது, அவர் இன்னும் சத்தமாகக் கத்த மாட்டாரா என்றும் இருந்தது.

காம்போசிட் மேத்ஸ் இருந்த வேறொரு பள்ளிக்கு மறுநாள் போனார்கள். பையன்களும் படிக்கிற பள்ளி என்று அம்மா வியாகுலம்மாள் முணுமுணுத்தாள். இன்னாசி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கே சேர்க்கை முடிந்துவிட்டிருந்தது. ஜூனிலேயே வந்திருந்தால் இடம் கொடுத்திருப்போம் என்றார்கள். ஜூனில் அவள் பன்னிரண்டு கையெழுத்தோடு சிஸ்டரை நம்பிக்கொண்டிருந்தாள்.

ஜெனரல் மேத்ஸே எழுதினாள். 1971இல் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாங்கினாள். கணக்குப் பிரிவு கேட்டு ஒரு பெண்கள் கல்லூரிக்கு மனுப் போட்டாள். காம்போசிட் மேத்ஸ் படிக்கவில்லை என்ற ஒற்றை வரியோடு மனு திரும்பி வந்தது. நேரில் போனார்கள்.

"நூத்துக்கு நூறு வாங்கியிருந்தாலும் இதேதாம்மா. ரூல்" என்றார் குமாஸ்தா.

பஸ்ஸில் திரும்பும்போது இன்னாசி, "சரித்திரம் படியேன், அதுவும் படிப்புதான" என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சரித்திரம் படிக்கவில்லை. படவரைவுப் பயிற்சியில் சேர்ந்து, திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் டிரேசர் ஆனாள். இன்ஜினியர்கள் பென்சிலால் போட்ட படத்தை மெல்லிய தாளில் மசியால் அப்படியே எடுத்துக் கொடுக்கும் வேலை. ஒருமுறை ஒரு தாங்கியின் அளவு தப்பாக இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னாள்.

"போட்டதைப் போட்டபடி எடுங்கம்மா. கணக்கு எங்க வேலை" என்றார் இளம் இன்ஜினியர். ஒரு வாரம் கழித்து அந்தப் படமே திருத்தத்தோடு திரும்பி வந்தது. யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

அவளைவிட ஆறு வயது சின்னவளான தங்கை எல்சி 1975இல் அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடித்தாள். அதற்குள் அங்கே காம்போசிட் மேத்ஸ் வந்துவிட்டது, ஆசிரியையும் இருந்தார். படிவம் வீட்டுக்கு வந்த சாயங்காலம் எல்சி ஜெனரல் மேத்ஸ் என்று எழுதினாள்.

"மாத்தி எழுது" என்றாள் தேவப்பிரியம்.

"எனக்கு வேணாம்க்கா. கஷ்டமா கீது."

"இதுக்காக நான் எத்தினி வூட்டு வாசல்ல நின்னேன், தெரியுமா?"

"நானா உன்ன நிக்கச் சொன்னேன்?"

தேவப்பிரியம் படிவத்தைப் பிடுங்கினாள். எல்சி அழுதாள். கடைசியில் இன்னாசி வாங்கி, ஜெனரல் மேத்ஸுக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டார். நான்கு நாள் தேவப்பிரியம் இரண்டு பேரிடமும் பேசவில்லை. ஐந்தாம் நாள் அக்கா மறந்துவிட்டுப் போன டிபன் டப்பாவை எல்சிதான் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை ஓடிவந்தாள். தேவப்பிரியம் வாங்கிக்கொண்டாள். கோபம் மட்டும் தீரவில்லை. யார் மேல் என்றுதான் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.