தங்கச்சி மேல் போட்ட தகரம்

ராசாத்தி, உன்னைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருந்தால் நீ சிரிக்கக் கூடாது.

போன வருஷம் கார்த்திகையில், பொகவந்தலாவைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் புயல் அடித்தது. நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து, எங்கள் வீடான ஒற்றைக் காம்பரா மேல் விழுந்தது. அப்பாவையும் என்னையும் உயிரோடு இழுத்துப் போட்டார்கள். என் தங்கச்சி ராசாத்தியை எடுக்கும்போது மூச்சில்லை. அம்மா இல்லாத வீட்டில் அவளை நான்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன். அவளுக்காகத்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அவளாவது படிக்கட்டும் என்று இருந்தேன்.

அதே காற்றில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் கூரைத் தகரமெல்லாம் பறந்து தேயிலைக்குள் கிடந்தது. ஆளுக்கொன்றாக எடுத்துப் போய், ஒழுகுகிற லயத்து மேல் போட்டுக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் பால் ஊற்றப் போனோம். மழை விடவில்லை. புதைத்த இடத்தில் மண் கரைந்து சேறாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. நானும் ஒரு தகரத்தை இழுத்து வந்து அவள் மேல் மூடி, சுற்றிலும் கல்லை வைத்தேன். அன்றிலிருந்து அப்பா எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை. வேலை விட்டு வந்தால், எங்களுக்குக் கொடுத்த வேறு காம்பராவில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். பேச ஆளில்லாமல் நான் அந்தத் தகரத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பேன்.

தை பிறந்ததும் பள்ளிக்கூடத்தைத் திரும்பக் கட்டினார்கள். புதுத் தகரம் வர மாசக்கணக்காகும் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வாத்தியாரே வந்து கும்பிட்டார்.

"தகரத்தைத் திருப்பிக் குடுத்துருங்க. நனையப்போறது நம்ம புள்ளைங்கதான்."

எல்லோரும் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை. சுவர் வைக்க மட்டும் கொழுந்துக் கூடையில் கல் சுமந்தேன். ஒரு தகரம் குறைந்து, மூலையில் திறப்போடுதான் பள்ளிக்கூடம் நடந்தது.

மலையில் சுரண்டியோடு புல் வெட்டுகிற அக்கா ஒருத்தி எனக்குக் கேட்கட்டும் என்றே பேசினாள்.

"செத்த புள்ளைக்குக் கூரை, உசுரோட இருக்குற புள்ளைக்கு மழையா? நல்லா இருக்கே ஞாயம்!"

"சும்மா கெடடி. பெத்தவ மாதிரி வளத்த புள்ள அது," என்றாள் இன்னொருத்தி.

"எம் மகளும் அங்கதானே ஒக்காருது. நான் பேசாம யாரு பேசுவா?"

அதற்குப் பிறகு என் பக்கத்தில் கொழுந்தெடுக்க யாரும் வரவில்லை.

ஒருநாள் கொழுந்து நிறுக்கப் போகும் வழியில் பெருமழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூட வாசலில் ஒதுங்கினேன். பிள்ளைகள் எல்லாம் ஒரு பக்கமாக நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அந்த அக்காவின் மகளிடம் ஏன் என்று கேட்டேன்.

"அங்க ஊத்துதுக்கா. அது நம்ம ராசாத்தி எடம்," என்று மூலையைக் காட்டினாள். தண்ணீர் விழுந்து விழுந்து அந்தத் தரையில் குழியே விழுந்திருந்தது.

கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு நேரே மேலே, அவளைப் புதைத்த இடத்துக்கு ஏறினேன். கல்லைத் தள்ளித் தகரத்தைத் தூக்கினேன். பக்கத்துக் குழிகள் மேலெல்லாம் பச்சையாகப் புல் மூடியிருந்தது. என் தங்கச்சி மேல் ஒரு புல் இல்லை. முளைக்க விடாமல் மூடி வைத்தது நான்தான். இனி அடுத்த மழைக்கே இந்த மண் கரைந்துவிடும். தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். பிறகு தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

வழியில் அந்த அக்கா எதிரே வந்தாள். "மண்ணு கரைஞ்சிருமேக்கா" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

"நீ போய்க் குடுத்துட்டு வா," என்றாள்.

பள்ளிக்கூடத்தில் தகரத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், தங்கச்சியின் குழி மேல் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். சுரண்டியால் மண்ணோடு பெயர்த்த புல்லைப் பத்தை பத்தையாகப் பதித்து, உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"வெட்டி வெட்டியே கை தேஞ்சுபோச்சு. இன்னிக்குப் புல்லு நடுறேன் பாரு. கங்காணி பாத்தா இன்னிக்குக் கூலியில எம் பேரையே வெட்டிருவாரு."

எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் நட்டேன்.

புல் பிடித்துவிட்டது. மண் கரையவில்லை. வீட்டில் இன்னும் அப்பா சுவரைப் பார்த்துத்தான் படுக்கிறார். மழை இரைந்தால், அந்தத் தகரத்துக்குக் கீழே பிள்ளைகள் நனையாமல் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். என் தங்கச்சி நனைகிறாளே என்றும் நினைத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது. இதைப் படிக்கிற நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, எங்கள் ராசாத்திக்காக எல்லாரும் ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள்.