ஒன்றும் வளராத தட்டு

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் கடைசியாக ஆய்வு செய்த மாணவிக்கு நான் இழைத்த தவறைப் போன மாதம்தான் அவளிடம் சொன்னேன்.

நீர்த்தாவரங்களுக்கு உள்ளே வாழும் பூஞ்சைகளைப் பற்றியது அவள் ஆய்வு. செடிக்குத் தொல்லை தராத இவற்றில் சில, பாக்டீரியாவைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கும். சீவலப்பேரிப் பக்கம் ஒரு குளத்தில் இறங்கி அல்லித் தண்டு பறிப்பாள். கரையில் நிற்கும் என்னிடம், “அங்கனயே நில்லுங்க சார். வழுக்கி விழுந்தா உங்களையும் கழுவித்தான் தட்டுல வைக்கணும்” என்பாள்.

கழுவுவதில்தான் எல்லாம் இருக்கிறது. தண்டை ஸ்பிரிட்டிலும் பிளீச்சிங் கரைசலிலும் முக்கியெடுத்து, கிருமியற்ற நீரில் அலசுவோம். தண்டின் துண்டுகளைக் கிருமி வளர்வதற்கான கூழ் பரப்பிய தட்டில் வைத்து, கடைசியாக அலசிய நீரை அதேபோன்ற தனித் தட்டில் ஊற்றி வைப்போம். அதில் ஒன்றும் வளராவிட்டால் தண்டின் வெளிப்புறம் சுத்தம். தண்டிலிருந்து எழும் பூஞ்சை உள்ளிருந்து வந்தது என்று அர்த்தம்.

ஒரு தண்டிலிருந்து சாம்பல் நிறப் பூஞ்சை எழுந்தபோது அவள் காய்ச்சலில் வீட்டில் இருந்தாள். கல்லூரியைப் பார்வையிடக் குழு வரவிருந்தது. ஆய்வகத்தை நானே ஒழுங்குபடுத்தினேன். காலியாகத் தெரிந்த தட்டொன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கழிவுப் பையில் போட்டேன்.

திரும்பி வந்தவள், “சார், அலசின தண்ணித் தட்டைக் காணலை. நீங்க பாத்தீயளா?” என்றாள். அந்தத் தட்டின் மூடியில் பச்சை மையில் அவள் எழுத்து இருந்தது அப்போதுதான் உறைத்தது. “இல்லையே” என்றேன்.

அந்தப் பூஞ்சையின் சாறு, ஆறாத புண்களில் காணும் பாக்டீரியாவைத் தன்னைச் சுற்றி ஒரு பெரிய வட்டத்துக்குள் வரவிடாமல் தடுத்தது. ஆய்வேட்டின் முக்கிய இயல் அதுதான். மதிப்பிட வந்த பேராசிரியர், “அலசின தண்ணித் தட்டு எங்கம்மா? குளத்துல மிதக்கிறதெல்லாம் செடிக்குள்ள இருந்து வந்ததுன்னு சொல்லிரலாமா?” என்றார். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியைத் துடைத்தேன்.

அவள் மறுபடி பறிக்கப் போனபோது மழை வெள்ளம் குளத்தை அரித்துவிட்டிருந்தது. பிறகு கிடைத்த தண்டுகளில் அந்தப் பூஞ்சை இல்லை. கையில் இருந்த பூஞ்சையும் தட்டுக்குத் தட்டு மாற்றி வளர்க்க வளர்க்க வீரியம் குன்றியது. அந்த இயலை நீக்கித்தான் பட்டம் வாங்கினாள்.

இப்போது அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். போன மாதம் போனில் அழைத்தாள். “என்கிட்ட ஒரு பொண்ணு நீர்ச்செடிப் பூஞ்சைதான் செய்வேன்னு நிக்குதா சார். வேற தலைப்பு சொல்லுங்க. எனக்கே ஒழுங்காக் கழுவத் தெரியலை, அவளுக்கு என்னத்தச் சொல்லிக் கொடுக்க?”

சொல்லிவிட்டேன். தட்டை எறிந்ததையும், பொய் சொன்னதையும், வாய் திறக்காமல் இருந்ததையும்.

அவள் கேட்டாள்: “எறியறதுக்கு முன்னாடி நல்லாப் பாத்தீயளா? ஓரத்துலகூட ஒண்ணும் இல்லையா?”

“வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன்மா. சுத்தமா இருந்தது.”

“அப்ப அந்தப் பூஞ்சை செடிக்கு உள்ள இருந்துதான் வந்திருக்கு. அன்னைக்கே மதிப்பிட வந்தவர் முன்னால சொல்லியிருக்கலாம்லா சார்.”

“சொல்லியிருக்கணும்.”

“சரி, வைக்குதேன். அந்தப் பொண்ணு வெளிய காத்துக்கிட்டு இருக்கா. அதே தலைப்புலயே செய்யட்டும்.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வைத்துவிட்டாள்.